இழவு சொல்லி அனுப்பியது யார்? – ராப் இசையும் அதன் மரண அறிவிப்புகளும்

எங்க தாத்தா இழவு சொல்லப் போனவர். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் சேதி கொண்டுபோக வேண்டியது சேரிக்காரன் வேலை என்று ஊர் வகுத்து வைத்திருந்தது. கூலி கிடையாது. போன இடத்தில் எட்ட நிற்க வைத்துப் போடுகிற கொஞ்சம் நெல்லுதான். அவர் அடிக்கடி ஒன்று சொல்வார்: "செத்தது யாருன்னு கேட்டுட்டு அடுத்த கேள்வி என்னா கேப்பானுங்க தெரியுமா? யாரு சொல்லி அனுப்புனதுன்னு கேப்பானுங்க. சொத்து யாரு கைக்குப் போவுதுன்னு அதுலதாண்டா தெரியும்."

2025 அக்டோபர் கடைசியில் எங்கள் படிப்பு வட்டத்துக்கு வருகிற கல்லூரித் தம்பி ஒருவன், "அண்ணே, அமெரிக்காவுல ராப் செத்துப்போச்சாம்ணே" என்று சொன்னபோது தாத்தா நினைப்புத்தான் வந்தது. எந்தப் பாட்டு எத்தனையாவது இடம் என்று வாராவாரம் கணக்குப் போட்டு வெளியிடுகிறது அமெரிக்காவின் பில்போர்ட் பத்திரிகை. அக்டோபர் 25 தேதியிட்ட அதன் பட்டியலில் முதல் 40 இடங்களுக்குள் ஒரு ராப் பாட்டுகூட இல்லை. 1990 பிப்ரவரிக்குப் பிறகு இப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. இது உண்மைதான். ஆனால் இதைச் சாவுச் சேதியாக்கிச் சொல்லி அனுப்பியது யார்? இதற்குப் பதில் தேட, ராப் பிறந்த இடத்துக்குத்தான் போக வேண்டும்.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி. 1948இல் தொடங்கி அதன் நடு வயிற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு விரைவுச்சாலை போடப்பட்டது. ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரியின் திட்டம். ஆயிரக்கணக்கான உழைக்கும் குடும்பங்கள் வீட்டை விட்டுப் பெயர்க்கப்பட்டன. வசதியுள்ள வெள்ளையர்கள் புறநகருக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் கருப்பினத்தாரும், போர்ட்டோ ரிக்கோக்காரர்களும், கரீபியன் தீவுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களும். 1970களில் தெற்கு பிராங்ஸ் எரிந்தது. காப்பீட்டுப் பணத்துக்காகத் தங்கள் கட்டடத்துக்குத் தாங்களே தீ வைக்க ஏற்பாடு செய்த வீட்டுக்காரர்கள் உண்டு. அதே காலத்தில் நகர நிர்வாகம் சிக்கனம் என்று சொல்லி அங்கிருந்த தீயணைப்புப் பிரிவுகளை மூடிக்கொண்டிருந்தது. சேரி எரிவதை நின்று வேடிக்கை பார்க்கிற அரசு நமக்கு ஒன்றும் புதிதல்ல.

அந்தப் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில், 1973 ஆகஸ்ட் 11 அன்று ஒரு பெண் விருந்து வைத்தாள். பேரு சிண்டி கேம்பல். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, துணிமணி வாங்கக் காசு வேண்டும். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். இசைத்தட்டு சுழற்றியவர் அவளுடைய அண்ணன் கிளைவ். ஜமைக்காவில் பிறந்த 18 வயதுப் பையன். கூல் ஹெர்க் என்று உலகம் அறிந்தது இவரைத்தான். பாட்டில் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் வருகிற துண்டுக்கு ஆடுகிறவர்கள் காத்துக்கிடப்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு கருவிகளில் மாற்றி மாற்றி ஓடவிட்டு அந்தத் துண்டை நீட்டினார். அதன்மேல் ஒலிபெருக்கியில் பேசினார்கள், எதுகை போட்டார்கள். பேச்சு பாட்டாகியது. வரலாறு எழுதுகிற ஆண்கள் ஹெர்க்கைத் தந்தை என்கிறார்கள். விருந்து வைத்த சிண்டியை ஒரு வரியில் கடந்து போய்விடுகிறார்கள். இதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆறு ஆண்டுகள் அது தெருவின் சொத்தாக இருந்தது. 1979இல் ஷுகர்ஹில் கேங் என்ற குழு 'ராப்பர்ஸ் டிலைட்' தட்டை வெளியிட்டது. அமெரிக்கா முழுக்க விற்ற முதல் ராப் தட்டு அது. அதில் ஒருவர் பாடிய வரிகளில் பெரும்பகுதி பிராங்ஸைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியவை. தட்டில் காஸின் பேர் இல்லை. ஆக, ராப் சந்தைக்குள் கால் வைத்ததே எழுதியவனின் பேரைத் தொலைத்துவிட்டுத்தான். 1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் 'தி மெஸேஜ்' வந்து, சேரியின் வாழ்க்கையை விருந்துப் பாட்டின் நடுவே கொண்டுவந்து வைத்தது. இதெல்லாம் நாலு நாள் மோகம், போய்விடும் என்றார்கள். ராப் போட மாட்டோம் என்பதையே விளம்பரமாகச் சொல்லிக்கொண்ட வானொலி நிலையங்கள் இருந்தன. 1989 ஆகஸ்டில் அமெரிக்கக் கூட்டரசின் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ.யின் உயரதிகாரி ஒருவர், என்.டபிள்யூ.ஏ. குழுவின் பாட்டைக் கண்டித்து இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கடிதமே எழுதினார். போலீசின் நிறவெறியைப் பேசிய பாட்டு அது.

இப்போது அந்த 1990 பிப்ரவரிக்கு வருவோம். முதல் 40இல் ராப் இல்லாத அந்த வாரம், 41ஆவது இடத்தில் நின்றவர் பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞர். அடுத்த வருடக் கடைசியில் இதே பிஸ் மார்க்கியின் வேறொரு பாட்டு நீதிமன்றத்துக்குப் போனது. பழைய பாட்டு ஒன்றின் இசைத்துண்டை அனுமதியில்லாமல் எடுத்துக் கோர்த்தார் என்பது வழக்கு. திருட்டைத் தடுக்கும் பைபிள் கட்டளையைச் சொல்லித் தீர்ப்பைத் தொடங்கிய நீதிபதி, குற்ற வழக்குத் தொடர்வது குறித்தும் பரிசீலிக்க அனுப்பினார். குப்பையில் கிடந்த தட்டுகளிலிருந்து இசை செய்த சனங்களின் முறைக்குத் 'திருட்டு' என்று பேர் வைக்கப்பட்டது. அதன்பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் விலை. காசுள்ள நிறுவனத்தால் மட்டுமே தர முடிகிற விலை. காஸின் வரிகளை எடுத்தபோது இந்தக் கட்டளை யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அதே 1991இல் இன்னொன்றும் நடந்தது. அதுவரை எந்த ஆல்பம் எவ்வளவு விற்றது என்பதைக் கடைக்காரர்கள் வாய்ச்சொல்லாகத்தான் பில்போர்டுக்குச் சொல்லிவந்தார்கள். மே மாதத்திலிருந்து, விற்கும்போது எந்திரத்தில் பதிவாகிற கணக்கை எடுத்தார்கள். ஜூனிலேயே என்.டபிள்யூ.ஏ.வின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஒரே மாதத்தில் அமெரிக்கச் சனங்களின் காது மாறிவிட்டதா என்ன? தராசு மாறியது, அவ்வளவுதான்.

2025இலும் தராசுதான் மாறியது. பல வாரங்கள் பட்டியலில் இருந்துவிட்டுச் சரிந்துகொண்டிருக்கும் பாட்டை முன்பைவிடச் சீக்கிரம் நீக்கிவிடுவது என்று பில்போர்ட் புது விதி கொண்டுவந்தது. முதல் 40இல் மிச்சமிருந்த ஒரே ராப் பாட்டு கெண்ட்ரிக் லமாரும் சிசாவும் பாடிய 'லூதர்'. அந்த ஆண்டே 13 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. புது விதியில் அது விழுந்தது. அது விழுந்ததும், ராப்பே விழுந்துவிட்டது என்று சேதி கிளம்பிவிட்டது.

இதைச் சொல்வதால் எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று நான் வாதிட வரவில்லை. ராக் இசையைத் தாண்டி ராப்பும் அதன் உடன்பிறப்பான ஆர் அண்ட் பி இசையும் சேர்ந்து அமெரிக்காவில் அதிகம் கேட்கப்படும் வகையானது 2017இல். 2020களின் தொடக்கத்தில் இருந்த பங்கு இப்போது குறைந்திருக்கிறது. குறைந்த பிறகும் 2024இல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கோடு முதலிடத்தில்தான் இருந்தது. ஆனால் எனக்குக் கவலை தருவது இந்தப் பங்கு அல்ல. துப்பாக்கியும் தங்கச் சங்கிலியும் பெண்ணை இழிவு செய்வதும்தான் விற்கிறது என்று கண்டுகொண்ட நிறுவனங்கள் அதையே திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கின. பாடியவர்களும் கொடுத்தார்கள். இதை முதலில் எதிர்த்துப் பேசியவர்கள் கருப்பினப் பெண்கள். குவீன் லத்தீஃபா 1993இலேயே பாட்டால் பதில் சொன்னார். திரிஷா ரோஸ் புத்தகம் எழுதினார். நாஸ் என்ற ராப் கலைஞர் 2006இல் தன் ஆல்பத்துக்கே 'ஹிப் ஹாப் இஸ் டெட்' என்று பேர் வைத்தார். ஹிப் ஹாப் செத்துவிட்டது என்று அர்த்தம். அதுவும் சாவு அறிவிப்புதான். ஆனால் அது வீட்டுக்குள்ளிருந்து வந்த அழுகை. சந்தைக் கணக்குப்பிள்ளை சொல்லும் சாவும் அதுவும் ஒன்றல்ல.

விற்பனை வேறு, வலு வேறு. வலு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் பட்டியலை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்குப் போங்கள். ஜார்ஜியா மாநிலத்தில் யங் தக் என்ற ராப் கலைஞர் 2022இல் கைது செய்யப்பட்டார். அவருடைய பாட்டு வரிகளைச் சாட்சியமாக நீதிமன்றத்தில் வைத்தது அரசுத் தரப்பு. அந்த மாநில வரலாற்றிலேயே மிக நீண்ட விசாரணை. 2024 அக்டோபர் கடைசியில்தான், குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்பின்பேரில் வெளியே வந்தார். கொலை செய்தவனின் குரலில் ஜானி கேஷ் என்ற வெள்ளையினப் பாடகர் 1955இலேயே பாடினார். அதை வாக்குமூலம் என்று எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதைக் கலை என்றார்கள். கருப்பன் பாடினால் அது ஒப்புதல் வாக்குமூலம்! கலைஞனின் படைப்பை இப்படிச் சாட்சியமாக்குவதைக் கட்டுப்படுத்த 2022இல் கலிபோர்னியா சட்டமே போட வேண்டியிருந்தது. செத்த பாட்டுக்கு எதிராக எவனாவது வழக்கு நடத்துவானா?

இது நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 1946இல் டாக்டர் அம்பேத்கர் கருப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் நம் இளைஞர்கள் கருஞ்சிறுத்தைகளின் பேரை எடுத்துத் தலித் சிறுத்தைகள் ஆனார்கள். அந்தத் தொடர்ச்சியில்தான் 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில். சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவுக்கு, கடலுக்கு அப்பால் ஒதுக்கப்பட்ட இன்னொரு பாட்டு தோள் கொடுத்தது. அங்கே நடந்தது இங்கேயும் நடக்கும். முதலில் கேவலம் என்பான். பிறகு விற்பான். விற்கும்போது எழுதியவன் பேரைத் தொலைப்பான். விற்றுச் சலித்ததும் செத்துவிட்டது என்று ஊரைக் கூட்டுவான்.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாகத் தாத்தா கேள்வியையே கேட்டேன்: "சேதி சொல்லி அனுப்புனது யாரு?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கடைக்காரன்ணே" என்றான்.

கடைக்காரன் சொல்லி எந்தப் பாட்டும் பிறக்கவில்லை. அவன் சொல்லிச் சாகவும் வேண்டியதில்லை.