பொடா

பெயர்ச்சொல். பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் (2002) என்பதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து தமிழில் வேரூன்றிய சொல். 1985-இல் வந்து 1995-இல் காலாவதியான ‘தடா’ இதன் மூத்த சொல். ‘பொடாவில் கைது’, ‘பொடாவில் உள்ளே’ என இடவேற்றுமை ஏற்று வழங்கியது. சட்டத்தையே சிறையாகக் கருதிய வழக்கு இது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப்பின் அமெரிக்கா அறிவித்த பயங்கரவாத எதிர்ப்புப் போரின் சூழலில், வாஜ்பாய் அரசு அவ்வாண்டு அக்டோபரில் இதை அவசரச் சட்டமாகக் கொணர்ந்தது. இதற்கான மசோதாவை மாநிலங்களவை நிராகரிக்கவே, 2002 மார்ச் 26-இல் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் அது நிறைவேறியது. நாட்டுப் பாதுகாப்புக்குத் தேவை என்றது பாஜக. சிறுபான்மையினர் மீதும் எதிர்க்கட்சியினர் மீதும் பாயும் என்றது காங்கிரஸ்.

தமிழகத்தில் சொல்லைப் பரப்பியது மதிமுக பொதுச்செயலாளர் வைகோ மீதான வழக்கு. விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியின் மக்களவை உறுப்பினரான அவர், மசோதாவை ஆதரித்த பாஜக கூட்டணிக்காரர். திருமங்கலத்தில் தடைசெய்யப்பட்ட விடுதலைப் புலிகள் அமைப்பை ஆதரித்துப் பேசியதற்காக, 2002 ஜூலையில் ஜெயலலிதா அரசு அவரை அதே சட்டத்தில் கைது செய்தது. தமிழ்த் தேசியத் தலைவர் பழ. நெடுமாறனும் ‘நக்கீரன்’ இதழாசிரியர் கோபாலும் பின்னர் இச்சட்டத்தில் கைதாயினர். பயங்கரவாதச் செயலுக்கு உதவும் நோக்கமில்லாத வெறும் ஆதரவுப் பேச்சு குற்றமாகாது என 2003 டிசம்பரில் உச்சநீதிமன்றம் விளக்கியது. வைகோ ஏறத்தாழ 19 மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தார்.

2004-இல் மன்மோகன் சிங் அரசு சட்டத்தை நீக்கியது. அதன் பல பிரிவுகள் ‘உபா’ எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள் சென்றன.