வரி விளம்பரமும் நகரமன்றச் செய்தியும்

அமெரிக்க நாளிதழ்கள் சிலவற்றில் வரி விளம்பரத்தைக் கவனிக்கவென்றே தனி மேலாளர் ஒருவர் இருந்தார். மற்றவற்றில் அப்படியொரு பதவியே கிடையாது. யாரும் பொருட்படுத்தாத இந்த வேறுபாட்டை மிலேனா ஜுரெலோவா, ரூபன் துரந்தே, கிரெகரி மார்ட்டின் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். தனி மேலாளர் வைத்திருந்த பத்திரிகை, வரி விளம்பர வருவாயைக் கூடுதலாக நம்பியிருந்த பத்திரிகை. இலவசமாக விளம்பரம் போட இடம் தந்த கிரெய்க்ஸ்லிஸ்ட் இணையதளம் ஓர் ஊருக்குள் நுழைந்த பிறகு இவ்விரு வகைப் பத்திரிகைகளுக்கும் என்ன நேர்ந்தது என்று அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் வகையில் ஆசிரியர் குழு அதிகமாகச் சுருங்கியது, அரசியல் செய்தி குறைந்தது, வாசகர்களும் விலகினார்கள்.

உள்ளூர் நாளிதழ்களின் சரிவைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாக வாசகரிடமிருந்தே தொடங்குவார்கள்: கைபேசி வந்தது, படிக்கும் பழக்கம் போனது, பத்திரிகை படுத்தது. அமெரிக்கக் கணக்கு இதற்கு ஒத்துவரவில்லை. அங்கே நாளிதழ்களின் விற்பனை உச்சம் தொட்டது 1984இல். நாளொன்றுக்கு ஏறத்தாழ 6.3 கோடிப் பிரதிகள். அதன்பின், இணையத்தின் நிழல்கூட விழாத காலத்திலேயே, விற்பனை இறங்கத் தொடங்கிவிட்டது. விளம்பர வருவாயோ ஏறுமுகமாகவே இருந்தது. 2000இல் அச்சு விளம்பரம் ஈட்டித் தந்தது சுமார் 4,870 கோடி டாலர். அதில் 1,960 கோடி வரி விளம்பரத்திலிருந்து வந்தது. 2012இல் அந்த 1,960 கோடி, 500 கோடிக்கும் கீழே போய்விட்டது. ராபர்ட் சீமன்ஸ், ஃபெங் ஜு இருவரின் மதிப்பீட்டின்படி, 2000 முதல் 2007 வரை கிரெய்க்ஸ்லிஸ்ட்டால் விளம்பரதாரர்களுக்கு மிச்சமான தொகை மட்டும் 500 கோடி டாலர். விளம்பரதாரருக்கு மிச்சமானது பத்திரிகைக்கு இழப்பு.

ஆகவே, இணையம் உள்ளூர்ப் பத்திரிகையிடமிருந்து முதலில் பறித்தது செய்தியை அல்ல. செய்திக்குப் படியளந்த பணத்தை. பழைய சோபாவை விற்க மூன்று வரி விளம்பரம் கொடுத்தவருக்கு வடிகால் வாரியக் கூட்டத்தில் எள்ளளவும் அக்கறை இருந்திருக்காது. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து குறிப்பெடுத்த நிருபரின் சம்பளத்தில் அவருடைய காசும் இருந்தது. சோபாவுக்கும் வடிகாலுக்கும் இயல்பான உறவு எதுவும் இல்லை. ஊருக்கு ஓர் அச்சு இயந்திரம் என்ற நிலை அவற்றைச் சேர்த்து வைத்திருந்தது; இணையம் பிரித்துவிட்டது. தமிழ் வாசகர்களும் இந்தப் பிரிவினையின் ஒரு கிளையை வரன் விளம்பரத்தில் பார்த்திருக்கிறார்கள். முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் இருந்தபோது தமிழர்களுக்காக நடத்திய இணையதளத்தில் வரன் தேடல் ஒரு பகுதி மட்டுமே. அந்தப் பகுதிதான் பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்தது.

பணம் போனால் ஊருக்கு என்ன போகிறது? இதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று சின்சினாட்டி போஸ்ட். 1881இல் தொடங்கிய இந்த மாலைப் பத்திரிகை 2007 டிசம்பர் 31 அன்று கடைசி இதழை வெளியிட்டது. ஒஹையோ ஆற்றின் தென்கரையில், கென்டக்கி மாநிலத்துக்குள் இருக்கும் புறநகர்களின் செய்தியில் அதற்குத் தனிப்பிடி இருந்தது. சாம் ஷுல்ஹோஃபர்-வோல், மிகேல் கரிதோ இருவரும் ஆராய்ந்தபோது, போஸ்ட்டை அதிகம் சார்ந்திருந்த அந்த ஊர்களில் அது மூடப்பட்ட பின் உள்ளாட்சித் தேர்தலில் நிற்பவர்கள் குறைந்திருந்தார்கள், ஏற்கெனவே பதவியில் இருப்பவர் மீண்டும் வெல்லும் வாய்ப்பு கூடியிருந்தது, வாக்குப்பதிவும் சரிந்திருந்தது. சிறிய தரவு என்பதால் முடிவுகளின் துல்லியம் குறைவு என்று ஆய்வாளர்களே எச்சரிக்கிறார்கள். மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் அந்த எச்சரிக்கையை விட்டுவிடுகிறார்கள். இன்னொன்றையும் விட்டுவிடுகிறார்கள். போஸ்ட்டை இணையத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. போட்டி நாளிதழான என்கொயரருடன் 1977இல் செய்துகொண்ட கூட்டு நிர்வாக ஒப்பந்தம் முப்பதாண்டு முடிந்து காலாவதியானபோது போஸ்ட் விழுந்தது. மாலைப் பத்திரிகைகளைத் தொலைக்காட்சி அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கரைத்துக்கொண்டிருந்தது.

பெல் நகரத்தின் கதை இதைவிடத் தெளிவானது. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய சிற்றூர். உழைப்பாளிகளும் குடியேறியவர்களும் வாழும் இடம். மக்கள்தொகை நாற்பதாயிரத்தை எட்டாது. 2005இல் நகருக்குத் தனிச் சாசனம் வேண்டுமா என்று ஒரு சிறப்புத் தேர்தல் நடந்தது. 400 பேர்கூட வாக்களிக்கவில்லை. சாசனம் நிறைவேறியதால், மன்ற உறுப்பினர்களின் ஊதியத்துக்கு மாநிலச் சட்டம் வைத்திருந்த உச்சவரம்பு பெல் நகருக்குப் பொருந்தாமல் போயிற்று. ஐந்தாண்டு கழித்து, 2010 ஜூலையில், லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர்கள் ஜெஃப் காட்லீபும் ரூபன் வீவெஸும் உண்மையை வெளியே கொண்டுவந்தபோது நகர மேலாளர் ராபர்ட் ரிசோவின் ஆண்டுச் சம்பளம் 7,87,637 டாலராக இருந்தது. அமெரிக்க அதிபருக்கு 4 லட்சம். பகுதிநேரமாகப் பணியாற்றிய மன்ற உறுப்பினர்கள் ஆளுக்கு லட்சம் டாலரை நெருங்கினார்கள். நிருபர்கள் முதலில் விசாரிக்கப் போனது பெல்லை அல்ல, பக்கத்து ஊரான மேவுட்டை. அந்தத் தடம்தான் இங்கே இழுத்துவந்தது. அந்தச் செய்திக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது, ரிசோவுக்குப் பன்னிரண்டாண்டு சிறை. மன்றக் கூட்டங்களுக்குத் தவறாமல் போய்வரும் ஓர் உள்ளூர் நிருபர் இருந்திருந்தால் ஐந்தாண்டு ஆகியிருக்காது என்பது ஊகம்தான். ஆனால் 2005இன் சாசனத் தேர்தலைப் பார்க்கையில் ஆதாரமற்ற ஊகம் அல்ல.

இந்த இழப்புக்கு விலை போட்டவர்களும் உண்டு. பெங்ஜி கவோ, சாங் லீ, டெர்மட் மர்ஃபி மூவரும் நகராட்சிக் கடன் பத்திரங்களை ஆராய்ந்து, உள்ளூர் நாளிதழ் மூடப்பட்ட இடங்களில் கடனுக்கான வட்டி 5 முதல் 11 அடிப்படைப் புள்ளிகள் (0.05 முதல் 0.11 விழுக்காடு) வரை கூடியதைக் கண்டார்கள். பத்துக் கோடி டாலர் கடன் வாங்கிய நகராட்சிக்கு இது ஆண்டுதோறும் 50 ஆயிரம் முதல் 1.1 லட்சம் டாலர் வரை கூடுதல் செலவு. கண்காணிப்பார் யாருமில்லை என்றால் கடன் கொடுப்பவர் தம் அச்சத்தை வட்டியில் ஏற்றிவிடுகிறார். நாளிதழை இழந்த ஊர், அந்த இழப்பின் விலையை வரியாகக் கட்டுகிறது.

குற்றத்தை உரிமையாளர்கள் மீது சுமத்தும் வாதமும் வலுவானது. 2019 நவம்பரில் கேட்ஹவுஸ் நாளிதழ்க் குழுமம் மற்றொரு குழுமமான கன்னெட்டை வாங்கியபோது அப்பல்லோ நிதியத்திடம் பெற்ற கடன் ஏறத்தாழ 179 கோடி டாலர், வட்டி 11.5 விழுக்காடு. அந்த வட்டிக்கு ஆசிரியர் குழுக்களில்தான் கத்தி விழுந்தது. சிகாகோ ட்ரிப்யூனையும் பிற நாளிதழ்களையும் 2021இல் வாங்கிய ஆல்டன் நிதியத்தின் பெயர் ஆட்குறைப்புக்கே மறுபெயராகிவிட்டது. 2008இல் ஏறத்தாழ 71,000 பேர் வேலைபார்த்த அமெரிக்க நாளிதழ்ச் செய்திக் கூடங்களில் 2020இல் எஞ்சியவர்கள் சுமார் 31,000 பேர் என்பது பியூ ஆய்வு மையத்தின் கணக்கு.

ஆனாலும் நிதியங்களின் பேராசையே எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் யங்ஸ்டவுன் இடறுகிறது. எஃகு ஆலைகளால் எழுந்து, 1977 செப்டம்பர் 19 அன்று பெரிய ஆலை மூடப்படும் என்று அறிவிக்கப்பட்டதிலிருந்து தேய்ந்துவரும் ஒஹையோ நகரம் அது. அங்கே 1869இல் தொடங்கிய விண்டிகேட்டர், ஒரே குடும்பத்தின் கையில் தலைமுறைகளாக இருந்தது. அந்தக் குடும்பம் லாபத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடவில்லை. மூடும்போது சொன்ன கணக்கின்படி, கடந்த 22 ஆண்டுகளில் 20 ஆண்டு நட்டத்திலேயே நடத்தினார்கள். வாங்க ஆள் தேடினார்கள், யாரும் முன்வரவில்லை. 2019 ஆகஸ்ட் 31 அன்று, 150 வயதில், 144 பணியாளர்களும் வீடுதோறும் பத்திரிகை போட்ட சுமார் 250 பேரும் வேலையிழக்க, கடைசி இதழ் வந்தது. மறுநாள் முதல் பக்கத்து ஊரான வாரனின் ட்ரிப்யூன் கிரானிக்கிள் அதே பெயரில் ஒரு பதிப்பைக் கொண்டுவந்தது. பெயர் பிழைத்தது, பழைய ஆசிரியர் குழு கலைந்தது. நல்ல உரிமையாளர் சாவை ஒத்திப்போடலாம். வரி விளம்பரம் விட்டுச்சென்ற பள்ளத்தை அவரால் தூர்க்க முடிவதில்லை.

வரி விளம்பரம் போன பின், அமெரிக்காவில் பல சிறு பத்திரிகைகளை இன்று தாங்கி நிற்பது சட்ட அறிவிப்பு: ஏலம், டெண்டர், நில வகைமாற்றம் போன்றவற்றை அச்சில் வெளியிட்டாக வேண்டும் என்ற மாநிலச் சட்டங்கள். தமிழ்நாட்டிலும் டெண்டர் விளம்பரத்தை நம்பி ஓடும் சிறு நாளிதழ்கள் உண்டு. யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவரிடமிருந்தே படி வாங்கும் சங்கடம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இந்தத் தூணும் ஆடுகிறது. ஃபுளோரிடாவில் 2023 முதல் உள்ளாட்சிகள் இவ்வறிவிப்புகளை மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்திலேயே போட்டுக்கொள்ளலாம். நியூ ஜெர்சியில் சிக்கல் தலைகீழாக வந்தது. 2025 பிப்ரவரித் தொடக்கத்தில் ஸ்டார் லெட்ஜர் அச்சை நிறுத்தியது. 1867இல் பிறந்த ஜெர்சி ஜர்னல் அடியோடு மூடப்பட்டது. அறிவிப்பை அச்சில் போடு என்று சட்டம் சொன்னது, போடுவதற்கு அச்சுப் பத்திரிகை இல்லை. கடைசியில் சட்டத்தைத்தான் தளர்த்த வேண்டியிருந்தது.