நெல்மணி சொல்லும் ஆண்டு

ரந்தாவுக்குத் தெற்கே, லிங்கி ஆற்றை அடுத்துள்ள பெங்காலான் கெம்பாசில் நிற்கும் நெடுங்கற்களை நெகிரி செம்பிலான் வாழ் தமிழருள் பலர் கண்டிருப்பர். மலாய் மக்கள் அவற்றை 'பத்து ஹீடூப்', அஃதாவது உயிருள்ள கற்கள் என்பர். அவை வளர்ந்துகொண்டே இருக்கின்றன என்பது பழைய நம்பிக்கை. அங்கேயே சேக் அகமது மஜ்னூன் என்பாரின் அடக்கத்தலத்தில் எழுத்துப் பொறித்த தூண் ஒன்றும் உண்டு. அதில் ஹிஜ்ரி 872 என்று காண்பதால், அது கி.பி. 1467-68ஆம் ஆண்டினது எனச் சொல்லிவிடலாம். எழுத்தில்லா நெடுங்கற்கள் நடப்பெற்ற ஆண்டை எங்ஙனம் அறிவது? கல் அதனைச் சொல்லாது. நட்ட நாளில் எரித்த விறகின் கரியோ, படைத்த நெல்லோ அடியிற் கிடைக்குமாயின் அவை சொல்லும்.

அவை சொல்லும் வகை இது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தைத் தாக்குவதால் நைட்ரஜன் அணுக்களுள் சில, கதிரியக்கம் உடைய கரி 14 என்னும் ஐசோடோப்பாக மாறுகின்றன. செடிகொடிகள் காற்றிலிருந்தும், உயிர்கள் உணவிலிருந்தும் இதனைப் பெறுகின்றன. உயிர் நீங்கியதும் வரவு நின்றுவிடும். செலவு மட்டும் தொடரும். 5,730 ஆண்டுகளில் இருந்ததில் பாதி அழியும். மேலும் 5,730 ஆண்டுகளில் எஞ்சியதில் பாதி அழியும். எஞ்சியதை அளந்தால் உயிர் நீங்கிய காலம் தெரியும். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருளில் அளப்பதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. சிகாகோப் பல்கலைக் கழகத்து வில்லர்டு லிப்பி, எகிப்திய மன்னன் சோசரின் கல்லறை மரம் போன்ற, காலம் முன்பே தெரிந்த பொருள்களைக் கொண்டு இம்முறையைச் சோதித்து 1949இல் வெளியிட்டார். 1960இல் நோபெல் பரிசு பெற்றார்.

தமிழாசிரியர்க்கு இஃது அயலார் செய்தியன்று. தமிழ் எழுத்தின் பழமை பற்றிய வழக்கில் இன்று சாட்சிக் கூண்டில் நிற்பது இக்கரியே. பழனிக்கு அருகே பொருந்தல் என்னும் ஊரில், புதுவைப் பல்கலைக் கழகப் பேராசிரியர் கா. இராசன் 2009இலும் 2010இலும் அகழ்ந்தார். ஓர் ஈமக்குழியில், நான்கு கால்களையுடைய சாடி ஒன்றில் நெல் நிரம்ப இருந்தது. அதே குழியில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த தாங்கி ஒன்றும் கிடைத்தது. அமெரிக்க ஆய்வகம் ஒன்று அந்நெல்லுக்குக் கி.மு. 490 என்று காலம் கூறியது. அசோகன் கல்வெட்டுகளோ கி.மு. மூன்றாம் நூற்றாண்டின. ஆகவே தமிழ்ப் பிராமி அவற்றினும் முந்தியது என்று சிலர் மகிழ்ந்தனர். ஓரிரு கணிப்பைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்று எழுத்தியல் அறிஞர் சிலர் தடுத்தனர்.

தடுத்தவர் சொல்லைப் புறந்தள்ளல் ஆகாது. காற்றில் கரி 14இன் அளவு எக்காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை. ஆதலின் ஆய்வகத்தில் கிடைத்த எண்ணை மரத்தின் ஆண்டு வளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்துவர். அத்திருத்தக் கோடு கி.மு. 800க்கும் 400க்கும் இடையே பெரும்பாலும் சமவெளிபோல் படுத்துக் கிடக்கிறது! அவ்விடைக்காலத்துப் பொருள் எதுவாயினும், அதன் காலம் நூறு இருநூறு ஆண்டு முன்னும் பின்னும் நழுவும். 490 என்று ஓர் எண்ணை மட்டும் மேடையில் முழங்குவோர் இதனைச் சொல்வதில்லை.

எனினும் பொருந்தலில் கிடைத்தது நெல் என்பது நற்பேறே. விறகுக்கரியாயின் வேறொரு தொல்லை உண்டு. மரத்தின் உள்வளையம் தோன்றிய ஆண்டிலேயே காற்றோடு கணக்கை முடித்துக்கொள்ளும். முப்பது ஆண்டில் வெட்டும் ரப்பர் மரத்தை எரித்தால் பிழை சிறிது; தோட்டம் போடுமுன் இம்மண்ணில் நின்ற பெருங்காட்டு மரத்தின் வயிரத்தை எரித்தால், அடுப்பு மூட்டிய நாளினும் சில நூற்றாண்டு முந்திய காலத்தைக் கரி காட்டும். நெல்லோ ஒரு பருவத்துப் பயிர். அதனிடம் இக்குழப்பம் இல்லை.

ஒற்றை எண்ணினும் வலியது வரிசை. கீழடியில் 2018இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை எடுத்த ஆறு மாதிரிகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. முடிவு 2019இல் வெளியாயிற்று. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரிக்குக் கி.மு. 580 என்றும், 200 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்ததற்குக் கி.மு. 205 என்றும் காலம் கணிக்கப்பட்டது. 580 என்பதும் மேற்சொன்ன சமவெளிக்குள் அடங்குவதே. ஆயினும் ஆழம் கூடக் காலமும் கூடுகிறது. கீழடியிலும் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. ஒவ்வோர் ஓடும் எவ்வாழத்தில், எக்கரிக்கு அருகே கிடந்தது என்பதே இனி அறிஞர் வாதிட வேண்டிய இடம்.