கையெழுத்துக்கும் சட்டத்துக்கும் இடையில்: ரசாயன ஆயுத உடன்படிக்கையும் இந்தியாவும்

1925ஆம் ஆண்டின் ஜெனீவா நெறிமுறை, போரில் நச்சு வாயுவைப் பயன்படுத்துவதை மட்டுமே தடை செய்தது. தயாரிப்பையும் இருப்பையும் அது தொடவில்லை. உள்நாட்டில் சட்டம் இயற்றும்படி கேட்கவும் இல்லை. அத்தகைய ஆயுதம் அரசுகளின் கையில் மட்டுமே இருக்கும் என்ற நம்பிக்கை அதன் அடித்தளம். 1972இன் உயிரியல் ஆயுத உடன்படிக்கை இதிலிருந்து ஓரடி முன்னே சென்று, ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் தடையை உறுதிசெய்ய வேண்டும் என்றது. 1993இன் ரசாயன ஆயுத உடன்படிக்கையோ, 7ஆவது பிரிவில், தண்டனைச் சட்டத்தையே வெளிப்படையாகக் கோரியது. தனிநபரும் நிறுவனமும் அதற்குள் வந்தனர். வெளிநாட்டில் குற்றம் செய்யும் சொந்தக் குடிமக்களும் தப்பவில்லை.

இந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஜப்பானே சான்று. 1993இலேயே அந்நாடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டது. ஆனால் 1994 ஜூனில் மட்சுமோட்டோ நகரில் சரின் வாயு பரப்பப்பட்டபோது, சரினைத் தயாரிப்பதே குற்றம் என்று சொல்லும் சட்டம் அங்கே இல்லை. 1995 மார்ச் 20 அன்று அதை நடத்திய ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் குழுவே டோக்கியோ சுரங்க ரயில்களில் தாக்கியது. ஏப்ரலில் சட்டங்கள் நிறைவேறின. செப்டம்பரில் ஜப்பான் ஏற்புறுதி அளித்தது. உயிர்கள் போன பிறகு சில வாரங்களில் முடிந்த வேலை, அதற்கு முன் ஏன் முடியவில்லை என்ற கேள்வியை ஆய்வாளர் எவரும் எளிதில் கடந்துபோக முடியாது.

இந்தியாவில் சிக்கல் வேறு வகையானது. இங்கே உடன்படிக்கை செய்வது நிர்வாகத்தின் அதிகாரம். ஆனால் அது தானாகவே நாட்டுச் சட்டமாகிவிடாது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் (1980) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மறுபுறம், அரசியலமைப்பின் 253ஆவது பிரிவு, உடன்படிக்கையை நிறைவேற்ற மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் குறித்தும் நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம் என்கிறது. ஆக, அதிகாரத்துக்குக் குறைவில்லை.

ஆனாலும் காலம் நீண்டது. 1993 ஜனவரியில் கையெழுத்து, 1996 செப்டம்பரில் ஏற்புறுதி, 2000இல் சட்டம். அது நடைமுறைக்கு வந்ததோ 2005 ஜூலை 1 அன்று. இதற்கிடையில் 1997இல் இந்தியா தன்னிடம் ஆயிரம் டன்னுக்கு மேல் கந்தகக் கடுகு வாயு இருப்பதாக அறிவித்து, சர்வதேச ஆய்வாளர்கள் பார்த்திருக்க அதை அழிக்கத் தொடங்கிவிட்டது. 2009 மார்ச்சில் அப்பணி முழுமையாக முடிந்தது. அரசு தன் கையைக் கட்டிக்கொள்ள நிர்வாக ஆணையே போதும். குடிமகனின் கையைக் கட்டச் சட்டம் வேண்டும். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் முதலாவது நடந்தது, இரண்டாவது நடக்கவில்லை என்பதே என் வாசிப்பு.

இரண்டாவது எவ்வளவு கடினம் என்பதை ஒரு பொருளை வைத்தே காணலாம். தயோடைகிளைக்கால் துணிச் சாயமிடலிலும் பேனா மையிலும் பயன்படும் கரைப்பான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் வினைபுரிந்தால் அதுவே கடுகு வாயு. எனவே உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் அது இடம்பெற்றுள்ளது. ஆலை எவ்வளவு தயாரித்தது, யாருக்கு விற்றது என்பதை அறிவிக்கச் செய்யவும், ஆய்வாளருக்குக் கதவு திறக்கச் செய்யவும் 2000ஆம் ஆண்டுச் சட்டமே வழி தந்தது.

உடன்படிக்கையின் சொற்களை அப்படியே சட்டமாக்குவதிலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில், தன் கணவரோடு உறவு வைத்திருந்த பெண்ணின் கதவுக் கைப்பிடியிலும் அஞ்சல் பெட்டியிலும் ரசாயனம் தடவிய ஒருவர்மீது ரசாயன ஆயுதச் சட்டமே பாய்ந்தது. பாதிக்கப்பட்டவருக்குக் கட்டைவிரலில் சிறு தீக்காயம். இத்தகைய உள்ளூர்க் குற்றத்துக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை வரைந்தவர்கள் எல்லையைத் தெளிவாக வகுத்திருந்தால் வழக்கு அவ்வளவு தூரம் போயிருக்காது.

உயிரியல் ஆயுதங்களில் இந்தியாவின் தாமதம் இன்னும் பெரிது. 1974இல் ஏற்புறுதி அளித்த உடன்படிக்கைக்கு வெளிப்படையான குற்றவியல் தடை 2005இன் பேரழிவு ஆயுதச் சட்டத்தில்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1540ஆவது தீர்மானம், அரசு சாராதவர்கள் இத்தகைய ஆயுதங்களைப் பெறுவதையும் அதற்கு நிதி அளிப்பதையும் தடுக்கும் சட்டங்களை எல்லா நாடுகளிடமும் கோரியிருந்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் நிதி அளிப்பைத் தனிக் குற்றமாக்காமல் விட்டது. அந்த இடைவெளியை அடைத்த திருத்தம் நிறைவேறியது 2022இல்.