அறுந்த ஒரு வளையம்

நிலக்கரிச் சுரங்க விபத்து என்றாலே வாயு வெடிப்பும் கூரைச் சரிவும்தான் நமக்கு ஞாபகம் வரும். வண்டிகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கரி ஏற்றிச் செல்லும் தொட்டி வண்டி சரிவில் கழன்று ஓடினால் எதிரில் நிற்பவர் மட்டும்தான் சாவார் என்று நானும் மாணவப் பருவத்தில் நினைத்ததுண்டு. வரலாறு வேறு கதை சொல்கிறது.

கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்து ஸ்பிரிங்ஹில் சுரங்கம். 1956 நவம்பர் 1. கரித்தூசு ஏற்றி மேலே வந்துகொண்டிருந்த வண்டிகளில் சில கழன்று பின்னோக்கி ஓடின. தடம்புரண்டு மின்கம்பியில் மோதின. பறந்த பொறியில் தூசு வெடித்தது. 88 பேர் பிழைத்தார்கள். 39 பேர் போய்விட்டார்கள்.

ஏழு வருஷம் கழித்து, 1963 நவம்பர் 9. ஜப்பானின் ஓமுத்தா நகரில் மீக்கே சுரங்கத்தின் மிக்காவா குழி. பிற்பகல் மூன்று மணிக்கு மேல், சாய்வுப் பாதையில் ஏறிய வண்டித் தொடரில் ஒரு இணைப்பு வளையம் அறுந்தது. அவ்வளவுதான். வண்டிகள் தறிகெட்டு இறங்கித் தடம்புரள, படிந்திருந்த கரித்தூசு மேகமாய் எழுந்து வெடித்தது. இறந்தவர்கள் 458 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது தீயல்ல, வெடிப்பில் பிறந்த கார்பன் மோனாக்சைடு. 839 பேர் அந்த நச்சுக்கு ஆளானார்கள். பலர் வீடு திரும்பியும் பழைய ஆளாக இல்லை. ஞாபகம் போயிற்று, குணம் மாறிற்று.

வளையம் அறுந்தது சரி, தூசு அங்கே ஏன் கிடந்தது? 1960-இல் ஆட்குறைப்பை எதிர்த்து ஏறத்தாழ பத்து மாதம் நடந்த வேலைநிறுத்தம் தோற்றது. பிறகு ஆட்கள் குறைந்தார்கள், உற்பத்தி கூடியது. தூசு கூட்டுவதும் தண்ணீர் தெளிப்பதும் பின்னுக்குப் போயின.

1967-இல் பாதிக்கப்பட்டவர்களின் மனைவிமார் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்து போராடினார்கள். அதே வருஷம் நச்சு நோயாளிகளுக்கான சட்டம் வந்தது. நிறுவனத்தின் பொறுப்பை நீதிமன்றத் தீர்ப்பு சொன்னதோ 1993-இல். முப்பது வருஷம்!

இரும்பு களைத்துப்போகும், ஒருநாள் அறும். இது நம் வகுப்பில் படித்த பாடந்தான். அறுந்தால் ஓடும் வண்டியைப் பிடிக்கத் தடுப்புக் கட்டை வேண்டும். கட்டை தவறினால் தீ பிடிக்காதபடி பாதை சுத்தமாய், சுண்ணாம்புக்கல் பொடி தூவியதாய் இருக்கவேண்டும். மீக்கேயில் அறுந்தது ஒரு வளையந்தான். மற்றவை அதற்கு முன்பே கைவிடப்பட்டவை. ஆகவே அதை 'எதிர்பாராத விபத்து' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மீக்கே 1997-இல் மூடப்பட்டது. 2015-இல் அதன் மியானோஹரா, மண்டா குழிகள் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னங்களாயின. மிக்காவா அந்தப் பட்டியலில் இல்லை. நாளை பொறுப்புக்கு வரப்போகும் தம்பி தங்கையரே, நீங்கள் அந்தப் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.