முரசு விலகலும் மலையகத் தொழிலாளரும்

பெருந்தோட்டத் தொழிலாளரின் வரலாற்றைக் கூலி, குடியுரிமை ஆகியவற்றைக் கொண்டே நாம் பெரிதும் நோக்கி வந்துள்ளோம். 19ஆம் நூற்றாண்டில் மன்னாரிலிருந்து மாத்தளை வழியாகக் கால்நடையாக மலைநாடு புகுந்த அம்மக்களின் உடலுக்கும் ஒரு வரலாறு உண்டு. பல்லின் வேர் வெளித்தெரியுமாறு முரசு விலகும் நோய் அதற்கொரு சான்றாகும்.

1970இல் நோர்வே அறிஞர் ஹரல்ட் லோவும் அவர்தம் குழுவினரும், மாத்தளைக்குத் தெற்கேயுள்ள நுவரெலியா மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரைப் பரிசோதிக்கத் தொடங்கினர். அவர்கள் பல்வைத்தியம் பெற்றிராதவர்கள். அதற்கு முந்திய ஆண்டில் ஒஸ்லோவிற் கல்வியாளர் குழுவொன்றும் ஆய்வுக்கு எடுக்கப்பட்டிருந்தது. இரு குழுவினரிடமும் முரசு விலகல் காணப்பட்டது; காரணங்களோ வேறாயின. ஒஸ்லோவில் அது பெரும்பாலும் பற்களின் வெளிப்புறத்தில், அழுத்தித் துலக்கியமையோடு தொடர்புற்றிருந்தது. தோட்டங்களிலோ, அகற்றப்படாத பற்காரையும் அழற்சியும் பல்லின் எல்லாப் புறங்களிலும் முரசை அரித்தன. முப்பது வயதளவில் நூற்றுக்குத் தொண்ணூறு தொழிலாளரிடமும், நாற்பதளவில் அனைவரிடமும் விலகல் இருந்தது.

1986இல் வெளியான அறிக்கை இதனை நோயின் 'இயற்கை வரலாறு' என்றது. தொழிலாளருள் 8 வீதத்தினரிடம் நோய் விரைந்தும், 81 வீதத்தினரிடம் மிதமாகவும் முற்றியது. 11 வீதத்தினரிடம் முற்றவில்லை. ஒரே சூழலில் வாழ்ந்தோரிடையே காணப்பட்ட இவ்வேறுபாடு, உடலியல்பின் பங்கினையும் புலப்படுத்துகின்றது. எனினும் 'இயற்கை' என்னும் சொல் நம் சிந்தனைக்குரியது. பல்லிற் படியும் படலமே முரசு அழற்சிக்குக் காரணமென்பதையும், அதனை அகற்றின் அழற்சி தணியுமென்பதையும் 1965இலேயே டென்மார்க்கில் நிறுவியவர் இதே லோ ஆவார். ஆகவே தோட்டங்களில் நோய் தடையின்றி வளர்ந்தமைக்கு அறிவின்மை காரணமன்று; அறிந்த வைத்தியம் அவர்களைச் சென்றடையாமையே காரணமாகும். இது சமூக வரலாறே.

விலகிய முரசு தானாக மீண்டும் வளர்வதில்லை. தேவைப்படுமிடத்து அண்ணத்திலிருந்து இழையம் எடுத்து ஒட்டுவர். ஆயின் பற்காரையை அகற்றுதல், மென்மையான தூரிகையால் துலக்குதல், புகைத்தலையும் புகையிலை சேர்ந்த வெற்றிலையையும் கைவிடுதல் என்பன நோய் முற்றாது தடுப்பன. அத்தொழிலாளருள் 75 பேரை 2010இல் மீளப் பரிசோதித்த ஆய்வும், முப்பது வயதுக்கு முன்னரே வைத்தியம் தொடங்குவதன் அவசியத்தை வலியுறுத்திற்று. இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. இரத்தோட்டை, எல்கடுவைத் தோட்டங்களின் இளையோருக்கு இவை உரிய வயதிற் கிட்டுதல் வேண்டும். தம் உடலால் உலகப் பல்வைத்தியத்துக்கு அறிவு வழங்கிய மக்களுக்கு அவ்வறிவின் பயன் சேர்தலே நீதியாகும்.