சேறும் சக்கரமும்: பெட்டாலிங் ஜெயாவின் மண்பாதைகள்

மழை விட்ட மறுநாட்காலையில் செம்மண் சரிவு எவ்வாறிருக்கும் என்பதை ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் யாவரும் அறிவர். மேலே விரற்கடை அளவுக்கு எண்ணெய் பூசினாற்போன்ற வழுக்கல், அதன்கீழ் இறுகிய களிமண், ஊடே மரவேர்கள், பள்ளத்திலோ முழங்கால் வரை உள்வாங்கும் உளை. தோளில் காண்டாக் கம்பும் அதன் இரு முனைகளிலும் பால் வாளியுமாக அச்சரிவில் இறங்கிய பெண்கள் கால் விரல்களை மண்ணில் ஊன்றி ஊன்றி நடந்தனர். வழுக்கி விழுந்தால் உடம்பில் அடி படுவதோடு போகாது; அன்றைய பாலும் மண்ணோடு போய்விடும்.

அதே சரிவை, அதே மழைக்குப் பின், வேண்டுமென்றே தேடிச் சென்று மோட்டார் சைக்கிளில் கடப்பதை விளையாட்டாகக் கொண்டோர் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் பலர். வாரநாளில் அலுவலகத்திலோ பட்டறையிலோ வேலை பார்த்துவிட்டு, விடுமுறை நாளில் வண்டியைச் சிறு லாரியில் ஏற்றிக்கொண்டு ரவாங், உலு லங்காட் பக்கத்துக் காட்டோரங்களுக்குச் செல்லும் இவர்கள் பந்தயத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர். எண்டியூரோ என்று உலகெங்கும் வழங்கும் இப்போட்டி பிறந்த இடம் எது? அதற்கு இங்கே களமாக அமைந்த மண்பாதைகளை வெட்டியவர் யாவர்? இவ்விரு வினாக்களையும் சேர்த்து ஆராய்ந்தால் பெட்டாலிங் ஜெயா என்னும் நகரின் வரலாற்றில் ஒரு பகுதி துலங்கும்.

முதலில் போட்டியின் இயல்பைக் காண்போம். இது விரைவை மட்டும் பார்க்கும் பந்தயமன்று. வண்டிகள் நிமிடத்துக்கு ஒரு சிறு குழுவாகப் புறப்படும். ஒவ்வொருவர் கையிலும் நேர அட்டை ஒன்று இருக்கும். வழியில் இன்ன சாவடிக்கு இன்ன நிமிடத்தில் வந்து சேரவேண்டும் என்பது விதி. பிந்தினால் தண்டப் புள்ளி உண்டு, முந்தினாலும் உண்டு! வண்டி பழுதானால் ஓட்டுபவரே தம்மிடமுள்ள கருவிகளைக்கொண்டு செப்பனிட வேண்டும். முக்கியமான பாகங்களை வழியில் மாற்றிவிடாதபடி முன்னதாகவே வண்ணக்குறி இட்டுவிடுவர். ஆகவே இப்போட்டியில் சோதிக்கப்படுவன மனிதனின் பொறுமை, இயந்திரத்தின் உறுதி, கைவேலைத் திறன் ஆகிய மூன்றுமாகும்.

இதன் மூலம் இங்கிலாந்தில் உள்ளது. 1913-ஆம் ஆண்டில் கார்லைல் நகரை மையமாகக்கொண்டு முதலாவது அனைத்துலக ஆறு நாள் சோதனை நடைபெற்றது. சாதாரணமாக விற்பனைக்கு வரும் மோட்டார் சைக்கிள், கெட்ட பாதையில் ஆறு நாள் தொடர்ந்து தாங்குமா என்று பார்ப்பதே அதன் நோக்கம். மறு ஆண்டு, 1914-இல், ஆல்பிரெட் ஸ்காட் என்னும் வண்டி உற்பத்தியாளர் தம் தொழிலாளருக்காக யார்க்ஷயர் மேட்டு நிலங்களில் ஒரு போட்டி வைத்தார். அது இன்றும் அவர் பெயராலேயே நடைபெறுகிறது. 1924 மார்ச்சில் கேம்பர்லி என்னுமிடத்தில் நடந்த மற்றொரு போட்டிக்கு 'ஸ்கிராம்பிள்' என்று பெயர் சூட்டினர். அடித்துப் பிடித்து ஏறுதல் என்பது அச்சொல்லின் பொருள். அங்கிருந்தே பிற்கால மோட்டோகிராஸ் பந்தயம் கிளைத்தது. இங்கிலாந்தில் அப்பெயர் வழக்கொழியத் தொடங்கிய பின்பும் மலேசியாவில் அது நிலைத்துவிட்டது. மண்பாதை வண்டி எதுவாயினும் இங்கே 'ஸ்கிராம்ளர்' தான். ஆட்சி போனபின்பும் சொல் தங்கிவிடுவதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

ஆறு நாள் சோதனையின் வரலாற்றில் 1939-ஆம் ஆண்டு மறக்கத் தகாதது. அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் போட்டி சால்ஸ்பர்க் நகரில் நடந்தது. அந்நகர் அப்போது ஜெர்மனியின் பிடியில் இருந்தது. பிரிட்டிஷ் இராணுவமும் தன் வீரரைப் போட்டிக்கு அனுப்பியிருந்தது. போர் மூளும் அறிகுறி தெரியவே, போட்டி முடியுமுன் பிரிட்டிஷார் தம் வண்டிகளிலேயே எல்லையைத் தாண்டி வெளியேறினர். சில நாட்களில் உலகப் போர் வெடித்தது. அப்போட்டியின் முடிவுகள் பின்னர் செல்லாதவை ஆக்கப்பட்டன.

விளையாட்டாகப் பழகிய வித்தையைப் போர் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது. செய்தி கொண்டு செல்லும் வீரருக்கு மோட்டார் சைக்கிள் இன்றியமையாததாயிற்று. ஆனால் சேறு எந்தக் கொடியையும் மதிப்பதில்லை. 1941 இலையுதிர் காலத்தில் ருஷ்ய நாட்டு மண்பாதைகள் மழையில் கரைந்தபோது ஜெர்மானியரின் கனத்த பக்கப்பெட்டி வண்டிகள் அச்சு வரை புதைந்து நின்றன. வேலேந்திய வீரரையும் எதிர்த்து நின்ற யானை கால் புதையும் சேற்று நிலத்தில் நரிக்கு இரையாகும் என்று இடனறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டியது இதனையே. அதே ஆண்டு டிசம்பரில் மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படையோ பெரும்பகுதி மிதிவண்டியில் வந்தது. பெரிய சாலையில் பிரிட்டிஷார் காத்திருக்க, ஜப்பானியர் ரப்பர்த் தோட்டத்து ஊடுபாதைகளில் நுழைந்து அவர்களைப் பின்புறமாக வளைத்துக்கொண்டனர். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. படைத்தலைவர்களின் திட்டங்களைப் பற்றி நூல்கள் பல வந்துள்ளன. அவர்களுக்கு வழியாக உதவிய அத்தோட்டப் பாதைகளைப் பற்றி அத்தனை பேச்சு இல்லை.

அப்பாதைகள் இயற்கையாய் அமைந்தவையல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறி, 1910-இல் உச்சத்தைத் தொட்டபோது, சிலாங்கூரின் குன்றுகளெல்லாம் காடு அழிக்கப்பட்டுத் தோட்டங்களாயின. தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த தொழிலாளரே மரம் வெட்டினர், எரித்தனர், சரிவுகளைக் குறுக்கே வெட்டிப் படிக்கட்டுப் போன்ற வரப்புகள் அமைத்தனர், வாய்க்கால் எடுத்தனர். பால் வாளியுடன் நாள்தோறும் நடந்த தடமே நாளடைவில் பாதையாயிற்று. இன்று வண்டியோட்டிகள் சரிவைக் குறுக்காகச் சுற்றி ஏறும் வழிகள் பலவற்றின் அடியில் இருப்பது அந்த வரப்புத்தான்.

இதில் ஒரு தவறும் நேர்ந்தது. அதையும் சொல்ல வேண்டும். தொடக்க காலத் தோட்டத் துரைமார் மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இருத்தலாகாது என்று எண்ணினர். லாலான் புல்லை வேரோடு களைவதற்கென்றே ஆட்கள் வைக்கப்பட்டனர். மூடுபுல் இல்லாத மண், ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் பெய்யும் மழையில் கரைந்து ஓடியது. சென்னையில் பெய்வது இதில் பாதியைச் சற்றே தாண்டும் என்பதை நினைத்தால் மழையின் வேகம் விளங்கும். பின்னரே பயறு இனத்துக் கொடிகளைப் பரப்பி மண்ணைக் காக்கும் முறை வந்தது. ஒரே தடத்தில் சக்கரங்கள் திரும்பத் திரும்ப ஓடினால் தடம் வாய்க்காலாகி, வாய்க்கால் பள்ளமாகும் என்பதை இன்றைய வண்டியோட்டிகளும் கண்கூடாகக் காண்கின்றனர். அவர்களுள் அறிந்தோர் பெருமழை நாளில் சில பாதைகளைத் தொடாமல் விடுவதற்குக் காரணம் இதுவே.

தோட்டத்துச் சேற்றை விளையாட்டுக் களமாக முதலில் கண்டவர் மோட்டார் சைக்கிள்காரர் அல்லர். 1938-இல் கோலாலம்பூரிலிருந்த ஆங்கிலேய அலுவலர் சிலர் முயலும் நாயும் என்ற பழைய ஆட்டத்தைப் புதுப்பித்தனர். ஒருவர் காகிதத் துண்டுகளைத் தூவிக்கொண்டு முன்னே ஓட, மற்றவர் அத்தடம் பற்றித் துரத்துவது ஆட்டம். ரப்பர்த் தோட்டம், சதுப்பு, ஓடை எல்லாவற்றிலும் ஓடி, உடம்பெல்லாம் சேறாகி, இறுதியில் பீர் அருந்துவர். தாங்கள் உணவருந்திய விடுதியின் கேலிப்பெயரையே சங்கத்துக்கு வைத்து 'ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ்' என்றனர். இதைத் தோற்றுவித்தவருள் முதல்வரான கிஸ்பர்ட் என்னும் கணக்காளர் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர்ப் போரில் மாண்டார். இன்று அச்சங்கத்தின் கிளைகள் உலகெங்கும் உள்ளன.

அந்த 1938-ஆம் ஆண்டிலேதான் மலாயாத் தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டதைக் கண்டு, உதவி பெற்றுக் கூலிகள் அங்கே செல்வதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. ஒரே ஆண்டு, ஒரே மண். ஒரு சாரார் மாலையில் அதில் ஓடி மகிழ்ந்தனர். மற்றொரு சாராருக்கு அதில் நடந்து கிடைத்த கூலியும் குறைந்தது.

போருக்குப் பின் நிலைமை மாறியது. கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க எஃபிங்ஹாம் தோட்டத்தில் ஏறத்தாழ 1,200 ஏக்கர் நிலத்தில் 1950-களின் தொடக்கத்தில் எழுந்த துணை நகரமே பெட்டாலிங் ஜெயா. ரப்பர் நிரைகளுக்கிடையே வீட்டு நிரைகள் வந்தன. பின்னர் சீஃபீல்டு தோட்டத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. சுங்கைவே ஈயக்குட்டைகள் கேளிக்கைப் பூங்காவாயின. 2006-இல் பெட்டாலிங் ஜெயா மாநகரமாயிற்று. நகரம் விரிய விரிய மண்பாதைகள் வெளியே தள்ளப்பட்டன. அவற்றை நாடுவோரும் ஆண்டுதோறும் தொலைவு கூடிப் பயணம் செய்ய வேண்டியதாயிற்று.

இதற்கிடையே வண்டியும் மாறியது. 1958-இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்ற சிறு வண்டியை வெளியிட்டது. அதே காலத்தில் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். கிளட்சுப் பிடியின்றி ஓட்டக்கூடிய அவ்வண்டியை மலேசியர் 'கப்சாய்' என்றழைத்தனர். 'கப்' என்பதோடு சிறியது எனும் பொருளுடைய கண்டோனியச் சொல் சேர்ந்து பிறந்த பெயர் அது. கனமில்லாமையாலும் மெல்லிய சக்கரம் மேற்சேற்றைப் பிளந்து அடியிலுள்ள கெட்டி மண்ணைப் பற்றுவதாலும் அது தோட்டத்துக்கு ஏற்ற வண்டியாயிற்று. பால் வெட்டப் போவதற்கும் பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்கும் கிள்ளான் சந்தையிலிருந்து மூட்டை ஏற்றி வருவதற்கும் அதுவே துணை. நேர அட்டையும் வண்ணக்குறியும் இன்றி, பழுதானால் தாமே சரிசெய்துகொண்டு, குறித்த நேரத்தில் பிரட்டுக்கு வந்து நின்ற தோட்டத்துத் தொழிலாளர் நாள்தோறும் ஓட்டியது எண்டியூரோ அன்றி வேறென்ன?

1968-ஆம் ஆண்டு இருவகையில் குறிப்பிடத்தக்கது. ஷா ஆலமுக்கு அருகே பத்து தீகாவில் பந்தயச் சாலை திறக்கப்பட்டது. மழுங்கிய தார்ச்சாலையில் விரைவுப் பந்தயம் காண மக்கள் திரண்டனர். அவ்வாண்டே யமஹா நிறுவனம் 250 சி.சி. இரு வீச்சு இயந்திரமுடைய மண்பாதை வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உயர்ந்த மட்கார்டு, பெரிய முன்சக்கரம், குமிழ் டயர் ஆகியவை சாதாரண மனிதன் கைக்கு எட்டின. மட்கார்டு ஏன் அத்தனை உயரத்தில் இருக்கிறது என்று புதியவர் வியப்பர். தாழ இருந்தால் களிமண் சக்கரத்துக்கும் அதற்கும் இடையே அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும், காரணம் அவ்வளவே. பத்து தீகாச் சாலை பின்னர் அழிக்கப்பட்டு வீட்டு மனைகளாயிற்று. 1997-இல் மலேசியாவில் தொடங்கிய மழைக்காட்டுச் சவால் என்னும் நான்கு சக்கர வண்டிப் போட்டியோ பருவமழை கொட்டும் ஆண்டிறுதியையே தேர்ந்தெடுத்துக்கொண்டது. எண்ணெய்ப்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைகள் ரேலிப் பந்தயங்களுக்கும் பயிற்சிக்களமாயின. ஈப்போவின் கரம்ஜித் சிங் 2002-இல் உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றார்.

மழை வேண்டிப் பந்தயம் வைப்பவருக்கு ஒன்று புதிதாகத் தோன்றலாம். தோட்டத்தில் மழை என்றால் வேலை இல்லை. கோப்பையில் மழைநீர் விழுந்தால் பால் கெடும். ஆதலால் அன்று வெட்டு நடவாது. வெட்டு இல்லாத நாளில் நாட்கூலியும் இல்லை. 1954-இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பி. பி. நாராயணன் தலைமையில் கூலி உயர்வுக்குப் போராடியது. ஆயினும் மழையானாலும் வெயிலானாலும் மாதச் சம்பளம் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகள் இழுபட்டது. சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்ததே 2013-இல்தான்.

பெட்டாலிங் ஜெயாவின் எல்லையை ஒட்டி நிற்கும் கியாரா குன்றில் இவ்வரலாறு முழுவதையும் ஒரே இடத்தில் காணலாம். அதுவும் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. பொதுப் பூங்காவுக்கென 1970-களில் அரசாங்கம் அதைக் கையகப்படுத்தியது. அங்கே பால் வெட்டிய நூற்றை ஒட்டிய குடும்பங்கள் 1980-களின் தொடக்கத்தில் அடிவாரத்து நீள்வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. நிரந்தர வீடு பின்னர் கிடைக்கும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டது. குன்றின் மேலே மலைநடையாளரும் மிதிவண்டிக்காரரும் தன்னார்வமாகப் பாதைகளைத் திருத்தினர். அடிவாரத்துப் பூங்காவில் அடுக்குமாடிகள் கட்ட 2017-இல் அனுமதி வழங்கப்பட்டது. அத்திட்டத்தில் நீள்வீட்டாருக்கான வீடுகளும் அடங்கியிருந்தன. சுற்றுப்புறக் குடியிருப்பாளர் வழக்குத் தொடுத்தனர். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது, அனுமதி ரத்தாயிற்று. பூங்கா பிழைத்தது. நீள்வீடுகளில் வாழ்ந்தவருக்கு அன்று நாற்பதாண்டுக் காத்திருப்பு நிறைந்திருந்தது.

குன்றின் மேலே சரிவைச் சுற்றி ஏறும் தடங்களின் ஓரத்தில் பழைய ரப்பர் மரங்கள் இன்றும் நிற்கின்றன. பட்டையில் சாய்வாக இறங்கும் வெட்டுத் தழும்புகளைச் சேறு தெறித்த இடங்களிலும் அடையாளம் காணலாம்.